சிங்கப்பூரில் மூன்று நாள்: தேக்காவில் தங்குவதா, பழைய கடற்கரையோரம் தங்குவதா?

ஊரிலிருந்து யாராவது சிங்கப்பூருக்கு வருகிறார்கள் என்றால், டிக்கெட் போட்ட கையோடு அவர்கள் கேட்கிற அடுத்த கேள்வி, “எந்தப் பக்கம் ரூம் பார்க்கலாம்?” என்பதுதான். இங்கே இருக்கிற நம்மவர்கள் பெரும்பாலும் யோசிக்காமலே, லிட்டில் இந்தியா எனப்படும் தேக்கா என்று சொல்லிவிடுவார்கள். இட்லி கிடைக்கும், தமிழிலேயே பேசிச் சமாளிக்கலாம், முஸ்தபா பெருங்கடை பக்கத்திலேயே இருக்கிறது. எல்லாம் உண்மைதான். ஆனால் வருகிறவருக்கு இருப்பதே இரண்டு இரவு, மூன்று பகல், அதில் அவர் பார்க்க ஆசைப்படுவதும் நம் முன்னோர் கப்பலிலிருந்து இறங்கிய பழைய துறைமுக ஊரை என்றால், என் பதில் வேறு. தெலுக் ஆயர், சவுத் பிரிட்ஜ் சாலைப் பக்கம் அறை எடுங்கள் என்பேன். ஏன் என்பதையும் யாருக்கு அது சரிப்படாது என்பதையும் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பழைய துறைமுகம் எங்கே இருந்தது என்று பார்த்துவிடலாம். 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே வணிகத்தளம் அமைத்த பிறகு, பெரிய கப்பல்கள் கரைக்கு வராமல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கு தோணிகளில் ஏறி, சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரம் வழியாக போட் கீயில் வந்து இறங்கும். முகத்துவாரத்துக்குத் தெற்கே வளைந்து கிடந்த கடற்கரைதான் தெலுக் ஆயர். இன்றைய தெலுக் ஆயர் தெருவின் ஓரத்தில் அன்று அலை அடித்தது. 1880களில் அந்தக் கடலைத் தூர்த்து நிலமாக்கினார்கள். அதற்குப் பிறகும் தூர்த்துக்கொண்டே போனதால் இன்று அந்தத் தெருவில் நின்றால் கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது, சுற்றிலும் வங்கிக் கட்டடங்கள்தான். ஆனால் கரையோரம் எழுப்பிய கோயில்களும் பள்ளிவாசல்களும் இடம் மாறவில்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தாலே பழைய கரை எப்படி ஓடியது என்று பிடிபட்டுவிடும். ஆற்று முகத்திலிருந்து தஞ்சோங் பகார் வரை எல்லாமே நடந்து போகிற தூரம். மூன்று நாள் மட்டும் இருப்பவருக்கு இதைவிடப் பெரிய வசதி இல்லை.

தெலுக் ஆயர் தெருவில் அடுத்தடுத்து மூன்று இடங்கள். 1828க்கும் 1830க்கும் இடையே கட்டிய நாகூர் தர்கா, 1827இல் ஒரு குடிசையாகத் தொடங்கிய அல் அப்ரார் பள்ளிவாசல், 1839இல் தொடங்கி 1842இல் முடிந்த தியான் ஹோக் கெங் சீனக் கோயில். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் நாகூர் ஆண்டவருக்கு நன்றி சொன்ன அதே தெருவில்தான், சீனாவின் ஃபூஜியனிலிருந்து வந்தவர்கள் கடல் தெய்வமான மாசுவுக்கு ஊதுவத்தி ஏற்றினார்கள். கடலைத் தாண்டி உயிரோடு வந்து சேர்ந்ததே பெரிது என்று நினைத்த மனிதர்கள் இரு தரப்பும். தர்காவின் முகப்பைக் கொஞ்சம் நேரம் ஒதுக்கிப் பாருங்கள். கீழ்ப்பாதியில் ஐரோப்பிய பாணித் தூண்களும் வளைவுகளும் இருக்கும். மேல்பாதியில் துளைத் துளையாகச் செய்த சுவர் வேலைப்பாடு, மூலைகளில் அடுக்கடுக்காக ஏறும் குட்டி மினாராக்கள். நாகூருக்குப் போய் வந்தவர்களுக்கு அது உடனே அடையாளம் தெரியும். இப்போது அது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகவும் இருக்கிறது.

அங்கிருந்து கொஞ்ச தூரம் மேற்கே நடந்தால் சவுத் பிரிட்ஜ் சாலை. 1826இல் தோன்றிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் 1827இல் தோன்றிய ஸ்ரீ மாரியம்மன் கோயிலும் ஒரே வரிசையில், கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன. மாரியம்மன் கோயிலை எழுப்பியவர் நாராயண பிள்ளை. 1819இல் கம்பெனி அதிகாரி ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்தவர், இங்கே செங்கல் சூளை வைத்தவர், துணிக்கடை நடத்தி அது தீயில் போன பிறகும் மீண்டும் எழுந்தவர். கோயிலுக்கு முதலில் தெலுக் ஆயரில்தான் இடம் ஒதுக்கினார்களாம். அங்கே நல்ல தண்ணீர் இல்லாததால்தான் கடைசியில் இந்த இடத்துக்கு வந்தார்கள். ஊரில் யாரையும் தெரியாமல் வந்து இறங்கியவர்கள் வேலை கிடைக்கும்வரை தங்கியது இந்தக் கோயிலில். சிங்கப்பூர் இந்துக்களின் திருமணங்களைப் பதிந்து வைத்ததும் ஒரு காலத்தில் இதே கோயில்தான். கோபுரத்தைப் படம் எடுத்துவிட்டு நகர்கிற சுற்றுலாக் கூட்டத்துக்கு இது தெரியாது. நம்மவர்களாவது தெரிந்துகொண்டு உள்ளே போக வேண்டும் என்பது என் ஆசை.

தங்கும் இடத்தை முடிவு செய்வதில் நேரக் கணக்கு ஒன்று இருக்கிறது. மாரியம்மன் கோயில் நண்பகலில் நடை சாத்தினால் மாலை ஆறு மணிக்குத்தான் திறக்கும். சீனக் கோயிலோ மாலை ஐந்து மணிவாக்கில் மூடிவிடும். பள்ளிவாசல்களில் வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகைக் கூட்டம் இருக்கும், அப்போது சுற்றிப் பார்க்கப் போவது முறையல்ல. ஆக இந்த வட்டாரத்தை ஒழுங்காகப் பார்க்க ஏற்ற நேரம் காலை ஏழிலிருந்து பத்தரை. வெயிலும் அப்போதுதான் தாங்கும். தேக்காவில் தங்கினால் நிதானமாகக் குளித்து, தோசை சாப்பிட்டு, ரயில் ஏறி இங்கே வந்து சேரும்போது மணி பதினொன்று ஆகிவிடும். அம்மனைப் பார்க்க ஒரு மணி நேரம்தான் மிஞ்சும். இங்கேயே தங்கினால் காலையில் ஒரு நடை, மதியம் அறையில் ஓய்வு, மாலையில் இன்னொரு நடை என்று போகலாம். சிங்கப்பூர் வெயிலில் மதிய ஓய்வு கிடைப்பது சின்ன விஷயம் இல்லை.

மாலை நடைக்கு ஆற்றங்கரை. போட் கீயில் இப்போது வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகளும் மதுக் கடைகளும்தான். ஆனால் 1860களில் இந்த ஊரின் கப்பல் வணிகத்தில் முக்கால் பங்கு இந்த வளைவில் நடந்தது. தொடக்க காலத்தில் சரக்குத் தோணிகளை ஓட்டியவர்களில் தமிழ் முஸ்லிம்கள் நிறையப் பேர். ஆற்றைச் சுத்தம் செய்யும் பெரும்பணி 1977இல் தொடங்கியது, 1983இல் தோணிகள் பாசிர் பாஞ்சாங் பக்கம் மாற்றப்பட்டன. முகத்துவாரத்துக்கு அருகே கேவெனா பாலம் இருக்கிறது, கட்டியது 1869–70இல். அதன் முனையில் பழைய அறிவிப்புப் பலகை இன்னும் நிற்கிறது. குறிப்பிட்ட எடைக்கு மேல் உள்ள வண்டிகளும் மாடுகளும் குதிரைகளும் பாலத்தில் ஏறக்கூடாது என்று அதில் இருக்கும். பாலம் தாழ்வானது. கடல் ஏற்றத்தில் தோணிகள் அடியில் புக முடியாமல், நீர் வற்றும்வரை காத்துக் கிடக்கும். பாலத்தில் நின்று குனிந்து தண்ணீர் மட்டத்தைப் பார்த்தாலே அந்தச் சிரமம் விளங்கும்.

போட் கீக்குப் பின்னால் சூலியா ஸ்திரீட், மார்க்கெட் ஸ்திரீட். மார்க்கெட் ஸ்திரீட்டில்தான் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. நீளமான கூடத்தில் ஆளுக்கு ஒரு பெட்டியும் கணக்குப் புத்தகமுமாகத் தரையில் உட்கார்ந்து வட்டித்தொழில் செய்தார்கள். நகரச் சீரமைப்பில் அந்தக் கட்டடங்கள் போய்விட்டன. அந்த இடத்தில் ஒரு நினைவும் இல்லையே என்று எனக்கு எப்போதும் வருத்தம் உண்டு. ஆற்றின் அக்கரையில், ஆசிய நாகரிக அரும்பொருளகத்துக்குப் பக்கத்தில் ஒரு வெண்கலச் சிற்பத் தொகுதியில் செட்டியாரும் ஒருவராக உட்கார்ந்திருப்பார், அவரைப் பார்த்துவிட்டு அரும்பொருளகத்துக்குள் போகலாம். 1998இல் பெலித்துங் தீவருகே கண்டெடுத்த ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பலின் சரக்கு அங்கே இருக்கிறது, அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சீனப் பாண்டங்களை ஏற்றிவந்த கப்பல் அது. சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் உண்டு. வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது வரை திறந்திருக்கும்.

சரி, இந்தப் பக்கத்தின் குறைகளையும் சொல்ல வேண்டும். இங்கே மலிவாகக் கிடைக்கிற அறைகள் பல, பழைய கடைவீடுகளை மாற்றிக் கட்டியவை. வெளியே அஞ்சடிப் பாதை, மரச் சட்டங்கள், பூ ஓடுகள் என்று பார்க்க அழகாக இருக்கும். உள்ளே போனால் செங்குத்தான படிக்கட்டு, பல இடங்களில் லிஃப்ட் கிடையாது. கடைவீடு என்பது முன்பக்கம் குறுகி, பின்பக்கம் நீளமாகப் போகும் கட்டடம். நடுவில் இருக்கிற அறைகளுக்கு ஜன்னலே இருக்காது. முன்பதிவு செய்யும்போது ‘ஜன்னல் உண்டா, லிஃப்ட் உண்டா’ என்ற இரண்டையும் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். போட் கீயிலும் கியோங் சைக் சாலையிலும் வெள்ளி, சனி இரவுகளில் இரைச்சல் நள்ளிரவு தாண்டியும் ஓயாது. தெலுக் ஆயர் அலுவலக வட்டாரம், அதனால் சனி ஞாயிறுகளில் தெரு அமைதி. தூங்குவதற்கு நல்லது, சாப்பிடுவதற்குக் கஷ்டம். அமோய் ஸ்திரீட் உணவங்காடி நிலையத்தில் பாதிக் கடைகள் வார இறுதியில் மூடியிருக்கும். மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையமும் 1894ஆம் ஆண்டு வார்ப்பிரும்புக் கூரைக்குக் கீழே இயங்கும் லாவ் பா சாட் சந்தையும்தான் துணை. காலையில் சூடான இட்லியும் டிகிரி காப்பியும் இல்லாமல் நாள் தொடங்காது என்பவர்கள் இங்கே சிரமப்படுவார்கள். முட்டை வாசனைகூடக் கூடாது என்கிற சுத்த சைவர்களின் பாடு இன்னும் கஷ்டம்.

அவர்களுக்குத்தான் தேக்கா. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. வயதான பெற்றோரைக் கூட்டி வருகிறவர்கள் இந்தக் கட்டுரையின் மற்ற பகுதிகளை மறந்துவிட்டு அங்கேயே அறை போடலாம். விடிகாலையிலேயே கடை திறந்திருக்கும், மருந்துக் கடையில் தமிழில் கேட்கலாம், வாடகையும் பொதுவாகக் குறைவு, லிஃப்ட் உள்ள விடுதிகள் நிறைய. வீரமாகாளியம்மன் கோயிலும் 1855இல் தோன்றிய ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலும் ஒரே சாலையில் இருக்கின்றன. 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம் கேம்பல் லேனில் இருக்கிறது, திங்கட்கிழமை மட்டும் மூடியிருக்கும். கோமள விலாஸ் சைவ உணவகம் 1947இலிருந்து அங்கே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் மட்டும் சிராங்கூன் சாலை நிரம்பி வழியும். தீவெங்கும் வேலை செய்யும் தம்பிகள் வாரத்தில் ஒருநாள் நண்பர்களைப் பார்க்கவும் ஊருக்குப் பணம் அனுப்பவும் வருகிற நேரம் அது. கூட்டம் பிடிக்காதவர்கள் அந்த மாலையை வேறு இடத்தில் கழிக்கலாம். என்னைக் கேட்டால், அந்தக் கூட்டத்தையும் பார்க்க வேண்டும் என்பேன். அன்று துறைமுகத்தில் இறங்கியவர்களின் தொடர்ச்சி அவர்கள்தான்.

ஆனால் தேக்கா துறைமுகம் இல்லை. அது உள்நிலத்தில் மாட்டுத் தொழுவங்களும் செங்கல் சூளைகளும் குதிரைப் பந்தயத் திடலும் இருந்த பகுதியில் வளர்ந்த ஊர். வரலாறு உண்டு, வேறு வரலாறு. அங்கே தங்கி மூன்று நாளும் முஸ்தபாவுக்கும் கோயிலுக்கும் நடுவிலேயே சுற்றிவிட்டு, ‘சிங்கப்பூர் நம்ம ஊர் மாதிரியே இருக்கு’ என்று சொல்லிக் கிளம்புகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கடல் கடந்து வந்த பயணத்துக்கு அது போதாது.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. தேக்காவில் தங்கி, ஒரு நாள் மட்டும் காலை ஆறரைக்கெல்லாம் கிளம்பிவிடுவது. லிட்டில் இந்தியா நிலையத்திலிருந்து வடக்குக் கிழக்குத் தடத்தில் டோபி காட், கிளார்க் கீ தாண்டி மூன்றாவது நிறுத்தம் சைனாடவுன், சவுத் பிரிட்ஜ் சாலைக்கு அங்கே இறங்க வேண்டும். சுலபம்தான். காலைச் சாப்பாட்டைத் திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று குடும்பத்தில் எல்லாரும் ஒப்புக்கொண்டால் இது நடக்கும்.

கம்போங் கிளாம் பக்கம் தங்குவதையும் பலர் யோசிப்பதில்லை. அதுவும் ஒரு காலத்தில் கடலோரம்தான், பீச் சாலைதான் அன்றைய கரை. ஹஜ் பயணிகள் கப்பலேறும் முன் தங்கி, வேண்டியதை வாங்கிப் புறப்பட்ட வட்டாரம் அது. 1932இல் கட்டி முடித்த சுல்தான் பள்ளிவாசலின் குவிமாடத்துக்குக் கீழே கறுப்பாக ஒரு பட்டை ஓடும். உற்றுப் பார்த்தால் அது கண்ணாடிப் புட்டிகளின் அடிப்பாகங்கள். வசதியில்லாத மக்களும் பங்கு கொடுக்கட்டும் என்று அவர்களிடம் வாங்கிச் சேர்த்தது. எதிரே நார்த் பிரிட்ஜ் சாலையில் 1908இலிருந்து முர்தபா போடும் ஸம் ஸம் கடை. ஹலால் சாப்பாடு முக்கியம் என்கிற குடும்பங்களுக்கு மூன்று பகுதிகளில் இதுவே தோது. தேக்காவுக்கும் நடந்தே போய்விடலாம். தெலுக் ஆயருக்கு பூகிஸ் நிலையத்திலிருந்து டவுன்டவுன் தடத்தில் நேர் ரயில்.

சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்கள், நீச்சல் குளம் வேண்டும், அறை பெரிதாக வேண்டும் என்றால் கிளார்க் கீக்கு மேலே ஆற்றோரம் பார்க்கலாம். செலவு கூடும். டாங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் நடக்கிற தூரத்தில் இருக்கும், 1859இல் செட்டியார்கள் எழுப்பியது. பக்கத்தில் ஃபோர்ட் கேனிங் குன்று. ஹார்பர்ஃபிரண்ட் பெயரைப் பார்த்துவிட்டு அங்கே அறை போடுவது, செந்தோசா உல்லாசத் தீவே குறி என்றால் அல்லது அங்கிருந்து இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்குப் படகு ஏறுவதாக இருந்தால் மட்டும் சரி. மரினா பேயில் ஒரு மாலை போய்ப் பார்த்தால் போதும், பழைய துறைமுகத்தைத் தேடி வருகிறவர் அங்கே தங்கக் காரணமில்லை.

தெலுக் ஆயரில் தங்க முடிவெடுத்தவர்களுக்கு மூன்றாம் நாள் ஒன்று சொல்கிறேன். மரினா சவுத் பியர் வரை ரயிலில் போய், அங்கிருந்து செயின்ட் ஜான்ஸ் தீவுக்குப் படகு ஏறுங்கள். நம் வீடுகளில் பெரியவர்கள் ‘ரஜூலா கப்பல்’ என்று சொல்லக் கேட்டிருப்போம். 1926 முதல் 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு வழியாக சிங்கப்பூர் வந்த கப்பல். தளத்திலேயே பாயை விரித்துப் படுத்து வந்தவர்கள் பலர் நகரத்தைத் தொடுவதற்கு முன் இந்தத் தீவில்தான் இறங்கினார்கள். தொற்றுநோய்க்குப் பயந்து 1874இலேயே அங்கே தனிமைப்படுத்தும் நிலையம் வைத்துவிட்டார்கள். அம்மை ஊசி போட்டு, நாள் கணக்கில் வைத்திருந்து, பிறகே விடுவார்கள். இப்போது தீவில் மரங்களும் பூனைகளும் குளிப்பதற்கு ஒரு கடலோரமும்தான், கடைகள் இல்லை. குடிக்கவும் சாப்பிடவும் எடுத்துப் போக வேண்டும். படகு நேரம் குறைவு, முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது படகின் முன்பக்கம் உட்காருங்கள். கடலிலிருந்து இந்த ஊரைப் பார்க்கும்போதுதான் அவர்கள் வந்த பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்று தோன்றும்.

விமான நிலையத்திலிருந்து வருவதைப் பற்றி ஒன்று. சாங்கியிலிருந்து அடுத்த நிறுத்தமான எக்ஸ்போவில் இறங்கி டவுன்டவுன் தடத்துக்கு மாறினால் சைனாடவுனும் தெலுக் ஆயரும் நேர் பாதை. அதே தடத்தில் இன்னும் சுற்றிப் போனால்தான் லிட்டில் இந்தியா வரும், பெட்டி அதிகம் இருப்பவர்களுக்கு இந்த வகையிலும் தெலுக் ஆயர்ப் பக்கம்தான் வசதி. கட்டணத்துக்கு இந்திய வங்கியின் வெளிநாட்டுப் பயன்பாடு திறந்த அட்டையையே தட்டலாம், தனி அட்டை வாங்க வேண்டியதில்லை. விடுதி விலையைப் பார்க்கும்போது பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 9 விழுக்காடு வரியும் மேலே வரும் என்று கணக்குப் போடுங்கள். நூறு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று போட்டிருந்தால் கையிலிருந்து போவது நூற்றிருபது.

மாதத்தைத் தேர்வு செய்ய முடிகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. கார் பந்தயம் நடக்கிற வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள், மரினா பேயைச் சுற்றிச் சாலைகள் மூடப்படும், ஆற்றுப் பக்கம் அறை விலை பல மடங்கு ஏறும். சீனப் புத்தாண்டின்போது சைனாடவுன் விளக்குகள் அழகுதான், ஆனால் புத்தாண்டு நாளில் சாப்பாட்டுக் கடைகள் பெரும்பாலும் பூட்டியிருக்கும், அப்போது தேக்காதான் சரி. தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் டாங்க் ரோட்டிலிருந்து கியோங் சைக் சாலையில் உள்ள சித்தி விநாயகர் கோயிலுக்கு வரும். சவுத் பிரிட்ஜ் சாலைப் பக்கம் தங்கியிருந்தால் நடந்தே போய்ப் பார்க்கலாம். தீபாவளிக்கு ஒரு வாரம் முந்தித் தீமிதி. பக்தர்கள் பெருமாள் கோயிலிலிருந்து இரவோடு இரவாக ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நடந்து வந்து மாரியம்மன் கோயிலில் பூக்குழி இறங்குவார்கள். தேக்காவில் ஒளியூட்டு, இந்தப் பக்கம் தீமிதி என்று இரண்டும் ஒரே பயணத்தில் கிடைக்கும் காலம் அது. அந்த வாரத்துக்கு இரண்டு பக்கமும் அறை சீக்கிரம் தீர்ந்துவிடும், மூன்று நான்கு மாதம் முந்தியே போட்டுவிடுங்கள்.